பரவைக்கடலில் பறவை வேட்டை

ஐப்பசி பிறந்து வாடைக்காற்று வீசத் தொடங்கியதும் யாழ்ப்பாணக் குடாநாட்டின் பரவைக்கடல்களிலே விருந்தினர் வந்து இறங்குகின்றனர். தொண்டைமானாற்றிலிருந்து தென்கிழக்காக நீளும் வடமராட்சிக் களப்பிலும், அரியாலைக்கும் நாவற்குழிக்கும் இடையே வாய் திறந்து உள்ளே செல்லும் உப்பாற்றுக் களப்பிலும், ஆனையிறவின் இருபுறத்தும், சுண்டிக்குளத்து மணற்றிட்டுகளின் அருகிலும், தீவுப்பகுதிகளின் சேற்றுக் கரைகளிலும் விடியற்காலையில் நீர்ப்பரப்பு கறுத்துக் கிடப்பதுபோலத் தோன்றும். உற்று நோக்கினால் அக்கருமை அசையும். அவை யாவும் வாத்தினங்கள். யாழ்ப்பாணத்தார் வழக்கிற் சொன்னால் தாராக்கள்.

இவற்றுட் பெரும்பாலானவை நெடுந்தூரப் பயணிகள். நீலச்சிறகி என்னும் சிறு வாத்தும், நீண்டு கூரிய வாலையுடைய ஊசிவால் வாத்தும், கரண்டிபோல் அகன்ற அலகினால் நீரை வடித்து உண்ணும் ஆண்டி வாத்தும், சீழ்க்கை ஒலிபோற் குரல் எழுப்பும் நாமத்தலை வாத்தும் ஆசியாவின் வடபாகங்களிற் குஞ்சு பொரித்து, பனி தொடங்குமுன் தெற்கு நோக்கிப் புறப்படுபவை. இந்தியாவின் நீளத்தைக் கடந்து கோடிக்கரையை அடைந்தபின், யாழ்ப்பாணக் கரைக்கும் அவற்றுக்கும் இடையே எஞ்சியிருப்பது 60 கிலோமீற்றருக்கும் குறைந்த கடலே. இலங்கைக்குத் தெற்கே அண்டார்க்டிக் கண்டம் வரையிற் பெருநிலம் இல்லையாதலால், இத்தீவு அப்பயணப் பாதையின் கடைசித் தங்குமிடம் ஆகின்றது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார், பறவையியல் அறிஞர் சாலிம் அலியின் தலைமையில், 1959ஆம் ஆண்டு தொடங்கிப் பறவைகளின் காலில் இலக்கமிட்ட வளையம் மாட்டி விடுத்தனர். இந்தியாவில் வளையம் பூண்ட நீலச்சிறகிகள் பின்னர் சோவியத் நாட்டுப் பகுதிகளில் அகப்பட்டன. அரைக் கிலோகிராம் நிறையும் தேறாத ஒரு பறவை ஆண்டுதோறும் இமயத்துக்கு அப்பாலிருந்து வந்து மீள்கின்றது என்பது அவ்வாறு ஐயமின்றி நிறுவப்பட்டது.

பறவை வந்த இடத்துக்கு வேட்டைக்காரனும் வந்தான். பிரித்தானியர் ஆட்சிக் காலத்தில் வடக்கிற் பணிபுரிந்த உத்தியோகத்தருக்கு மாரிகாலத்தின் பெரும்பொழுதுபோக்கு நீர்ப்பறவை வேட்டையே. அவரைப் பார்த்து உள்ளூர்ச் சட்டத்தரணிகளும் வைத்தியர்களும் நிலவுடைமையாளரும் துவக்கு ஏந்தினர். இவர்களுக்கெல்லாம் முன்பிருந்தே, கண்ணியும் வலையும் கொண்டு பறவை பிடித்து உண்டும் விற்றும் வந்த எளிய மக்கள் கரையோரங்களில் இருந்தனர். அறிஞரும் துவக்கின்றி வரவில்லை. 1840களில் இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணத்துப் பறவைகளைப் பற்றியும் குறிப்பெழுதிய எட்கார் லேயார்டும், 1878 முதல் 1880 வரையில் இலங்கைப் பறவைகளின் வரலாற்றைப் பெருநூலாக வெளியிட்ட பீரங்கிப் படை அதிகாரி வின்சன்ட் லெக்கும் தாம் ஆராய்ந்த பறவைகளைச் சுட்டே கையிலெடுத்தனர். தொலைநோக்காடியாற் பறவையை அறியும் வழக்கம் பிற்காலத்தது.

கொல்வதற்கென்றே புறப்பட்டவர்களுக்கிடையே ‘இன்னதைச் செய்யலாம், இன்னது தகாது’ என்ற நெறி எதற்காக எழுந்தது? அந்நெறியைக் கேட்டு நகைப்பாரும் உண்டு. ஆயினும் அதனுட் புகுந்து பார்க்குமிடத்து, அது வெறும் கனவான் வேடம் அன்று என்பது தெரியவரும். அதன் பெரும்பகுதி, துவக்கு என்னும் கருவியின் இயல்பிலிருந்தும் சேற்றுநிலத்தின் இயல்பிலிருந்தும் பிறந்தது.

நீர்ப்பறவையைச் சுடப் பயன்படும் துவக்கு ஒற்றைக் குண்டை எறிவதில்லை. ஒரு தோட்டாவினுள் நூற்றுக்கணக்கான ஈயச் சன்னங்கள் உள்ளன. அவை குழலை விட்டு வெளியேறியதும் விரிந்து பரவுகின்றன. ஏறத்தாழ 40 யார் தூரம் வரையில் அவை நெருக்கமாகச் சென்று பறவையை உடனே வீழ்த்தும். அதற்கப்பாற் சன்னங்களுக்கு இடையே வெளி கூடிவிடும், வேகமும் குன்றிவிடும். அப்போது சன்னம் ஒன்றோ இரண்டோ பறவையின் உடலிற் பாய்ந்து தங்க, அது விழாமற் பறந்து சென்று, எங்கோ ஒரு கண்டற் புதரில் நாட்கணக்காகத் துன்புற்று மாயும். ஆகவே எட்டாத பறவையைச் சுடுதல் தவறு என்பது வேட்டைக்காரரின் முதல் விதி. சுடுபவனுக்குப் பயனில்லை, பறவைக்கு வதை, அருகில் காத்திருப்பவனுக்கோ கூட்டம் கலைந்து வாய்ப்புக் கெடும். இம்மூன்று தீங்கையும் ஒரே தோட்டாவாற் செய்பவனை மற்றையோர் இரண்டாம் முறை தம் வள்ளத்தில் ஏற்ற விரும்பாமை இயல்பே.

கூட்டத்தைப் பார்த்துச் சுடலாகாது, ஒரு பறவையைத் தேர்ந்து சுடவேண்டும் என்பது இரண்டாவது. நீலச்சிறகிகள் நெருங்கிய திரளாய்ப் பறப்பவை. அத்திரளின் நடுவே கண்ணை மூடிக்கொண்டு சுட்டாலும் சில விழும் என்று புதியவன் எண்ணுவான். சில விழத்தான் செய்யும். விழாமற் சன்னத்தைச் சுமந்து செல்பவை எத்தனை என்பதை அவன் காணமாட்டான்.

நீரில் அமர்ந்திருக்கும் பறவையைச் சுடுவது இழிவு, பறக்கும்போதே சுடவேண்டும் என்ற விதிதான் மேனாட்டு வேட்டைக்காரர் மிகப் பெருமையாகப் பேசிக்கொண்டது. பறவைக்குத் தப்பும் வாய்ப்பு அளிக்கவேண்டும் என்பது அதற்குக் கூறப்பட்ட நியாயம். இவ்விதியை மட்டும் சற்றுத் தயங்கியே ஏற்கவேண்டியிருக்கின்றது. பறக்கும் பறவை தப்பவும் கூடும். குறைக்காயத்துடன் போகவும் கூடும். அமர்ந்திருக்கும் பறவையை அண்மையிலிருந்து குறிபார்த்துச் சுடும் ஏழை ஒருவன், ஒரே தோட்டாவால் அதனை வலியின்றிக் கொன்றுவிடுகின்றான். தோட்டாவுக்குக் காசு எண்ணிக் கொடுப்பவன் குறி தவறும் வேட்டையைப் பெருமையாகக் கொள்ள முடியாது. ஆயின் அமர்ந்த பறவைகளை அடர்ந்த கூட்டமாக வைத்துச் சுடுவது வேறு வகை. இங்கிலாந்தின் கழிமுகங்களிற் படகின் முனையிற் பெருந்துவக்கைப் பூட்டி, மெல்ல ஊர்ந்து சென்று, ஒரே வெடியிற் பெருந்தொகையான வாத்துக்களை வீழ்த்தும் முறை 19ஆம் நூற்றாண்டிற் பரவியிருந்தது. அதனைக் கண்டு மனம் கசந்தவர்களே அமர்ந்த பறவையைச் சுடாமையைப் பண்பின் அடையாளமாக உயர்த்தினர் எனலாம்.

உள்ளான் வேட்டைக்கு வேறு நெறி. உள்ளான் பரவைக்கடலுக்கு உரியதன்று. மாரிநீர் தேங்கிய வயல்களில் இறங்குவது. காலடி மிக அருகே வரும்வரையில் மண்ணோடு மண்ணாய்ப் பதுங்கியிருந்து, திடீரெனக் கிளம்பி, வலமும் இடமுமாக வளைந்து வளைந்து பறக்கும். அதனைச் சுட்டு வீழ்த்துவது கைதேர்ந்தவருக்கே இயலும். 18ஆம் நூற்றாண்டிலே இந்தியாவில் இருந்த ஆங்கிலேயப் படையினர் உள்ளானின் ஆங்கிலப் பெயராகிய ‘ஸ்னைப்’ என்பதிலிருந்து ‘ஸ்னைப்பர்’ என்ற சொல்லை ஆக்கினர். உள்ளான் சுடுபவன் என்பதே அதன் முதற்பொருள். அச்சொல்லை யாழ்ப்பாணத்தார் பின்னொரு காலத்தில் முற்றிலும் வேறான பொருளிற் கற்றுக்கொண்டனர். அது நிற்க. வயல் என்பது ஒருவருடைய உழைப்பு. கமக்காரரின் சம்மதம் பெற்றே வயலில் இறங்குவதும், வரம்பின் வழியே நடப்பதும், குடலை பருவத்திற் பயிரை மிதியாமையும், வாய்க்கால் மடையை உடையாமையும் உள்ளான் வேட்டையின் ஒழுக்கங்கள். பல நாடுகளில் வேட்டைக்காரருக்கும் கமக்காரருக்கும் இடையே மூண்ட பூசல்கள் பலவற்றுக்குக் காரணம் இவ்வொழுக்கத்தின் மீறலே.

தாராக்களுக்கும் வயலோடு உறவு உண்டு. பகலில் அவை அகன்ற நீரின் நடுவே மிதந்து இளைப்பாறும், பொழுது சாய்ந்தபின் வயல்களையும் குளங்களையும் நாடி இரைதேடப் பறக்கும், விடியுமுன் மீளும். அவ்வாறு அவை போய்வரும் வான்வழி ஏறக்குறைய மாறாதது. அனுபவமுள்ளவர் அவ்வழியின் கீழே பதுங்கியிருப்பர். இங்கே இரண்டு தவறுகள் கண்டிக்கப்பட்டன. பறவைகள் இளைப்பாறும் நடுநீருக்குள் வள்ளத்தைச் செலுத்தி அவற்றைக் கலைப்பது ஒன்று. அவ்வாறு கலைந்த கூட்டம் அக்களப்பையே துறந்து போய்விடும். இருள் நன்கு சூழ்ந்தபின்னும் சிறகொலியைக் கேட்டுச் சுடுவது மற்றொன்று. வீழ்ந்தது எது, வீழ்ந்தது எங்கே என்பதை அவ்விருளில் அறிய முடியாது.

காயம்பட்ட பறவையைப் பற்றிய விதியே எல்லாவற்றினும் கடுமையானது. ஒரு பறவை காயத்தோடு வீழ்ந்தால், தலைக்குமேல் நூறு பறவை பறந்தாலும் துவக்கைக் கீழே வைத்துவிட்டு, அதனைத் தேடி எடுத்து, துன்பத்தை முடித்தபின்னரே அடுத்த வேட்டு. சொல்வதற்கு எளிது. யாழ்ப்பாணக் களப்புகளில் நீர் முழங்கால் அளவே நிற்கும் இடங்கள் பல; அதன் கீழே கால் புதையும் சேறு. இங்கிலாந்தின் கழிமுகங்களிற் போல நாளுக்கு இருமுறை பெருகி வற்றும் பெரிய வற்றுப்பெருக்கும் இங்கே இல்லை. ஆகையால் எட்டாத சேற்றில் வீழ்ந்த பறவையை நீர் கரைக்குக் கொண்டுவந்து சேர்க்கும் என்று காத்திருப்பதும் வீண். வள்ளமோட்டியோ, இடுப்பளவு சேற்றில் இறங்கத் துணிந்த ஊர்ப் பையனோ, பழக்கிய நாயோ இல்லாத இடத்திற் சுடவேண்டாம் என்பதே இவ்விதியின் உட்பொருள். அத்தகைய வேட்டையில் எடுபிடியாக வந்தவருக்கும் பங்கு கொடுப்பது மரியாதை. பங்கு கொடாதவன் பெயர் கரையோரத்தில் விரைவிற் கெடும்.

இவ்விதியின் பாரம் ஒரு மனிதரை வேட்டையிலிருந்தே விலக்கியது. இங்கிலாந்தின் பீட்டர் ஸ்கொட் இளமையிற் பெயர்பெற்ற நீர்ப்பறவை வேட்டைக்காரர், ஓவியர். காயப்பட்டு, யாரும் நெருங்க முடியாத சேற்றுத்திட்டில் வீழ்ந்து, உடனே சாகவும் மாட்டாமற் கிடந்த ஒரு வாத்து அவர் மனத்தை வருத்தியது. நாளடைவில் அவர் துவக்கைக் கைவிட்டார். 1946ஆம் ஆண்டில் ஸ்லிம்பிரிஜ் என்னும் இடத்தில் அவர் நிறுவிய நீர்ப்பறவைக் காப்பகம் உலகப் புகழ் பெற்றது. வேட்டைக்காரரே காவலராக மாறிய கதைக்கு அவர் சிறந்த எடுத்துக்காட்டு. ஆனால் அத்தகையோர் மேனாட்டில் மாத்திரமே தோன்றினர் என்றும், வேட்டையின் அறத்தைத் தமிழர் மேனாட்டாரிடமே கற்றனர் என்றும் எண்ணுவது பிழை.

12ஆம் நூற்றாண்டிற் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்திலே, கண்ணப்பர் முதன்முதலில் வேட்டைக்குச் சென்ற பகுதியைப் படித்தவர் இதனை அறிவர். அங்கே வேடர்கள் பன்றியையும் மானையும் கரடியையும் ஈவிரக்கமின்றி வீழ்த்துகின்றனர். ஆயினும் அக்கொலையின் நடுவே சேக்கிழார் ஓர் எல்லைக்கோடு இடுகின்றார். யானைக் கன்றுகளை அவர்கள் தொடரவில்லை; சிறு குட்டிகளைக் கொல்லவில்லை; கருவுற்று நடை தளர்ந்த பிணைகளை வருத்தவில்லை. வேட்டைக்கட்டுப்பாட்டுச் சட்டம் எதுவும் இல்லாத காலத்து வேடருக்கு அவர் கற்பித்த ஒழுக்கம் இது. இன்றைய சட்டமொழியிற் சொன்னால், இனப்பெருக்கத்துக்கு உரியதையும் இளையதையும் விட்டுவிடு என்பதே அது.

இவ்வொழுக்கத்தை வலசை வரும் வாத்துக்களுக்கு எவ்வாறு பொருத்துவது? அவை இங்கே முட்டையிடுவதில்லையே, ஆகவே எப்போது சுட்டால் என்ன என்று வாதித்தோரும் இருந்தனர். இயற்கை அவ்வாதத்தை ஏற்கவில்லை. நீலச்சிறகி முதலிய வாத்துக்கள் வடக்கே சென்றபின் துணை தேடுவன அல்ல. மாரி கழியுமுன் தங்குமிடத்திலேயே ஆணும் பெண்ணும் இணைசேர்ந்து, இணையாகவே புறப்படுவன. மாசி, பங்குனியில் யாழ்ப்பாணத்துக் களப்பில் ஒரு வாத்தைச் சுடுபவன், வடக்கே கட்டப்படவிருந்த ஒரு கூட்டையும் சேர்த்தே அழிக்கின்றான். இணைபிரியாத நீர்ப்பறவைகளுள் ஒன்றை வேடன் அம்பெய்து வீழ்த்தியதைக் கண்டு பொறாத முனிவரின் வாயிலிருந்தே இராமாயணத்தின் முதற் சுலோகம் பிறந்தது என்ற வரலாற்றை எல்லோரும் அறிவர். வால்மீகி சினந்தது வேட்டை என்ற தொழில் மீதா, இணையைப் பிரித்த அச்செயல் மீதா என்று உரையாசிரியர் வாதிடலாம். கிரௌஞ்சம் இரண்டும் இன்புற்றிருந்த வேளையில் அம்பு பாய்ந்தது என்பதைக் கதை வற்புறுத்துவது கவனத்துக்குரியது. வட அமெரிக்காவில் 1916ஆம் ஆண்டு செய்யப்பட்ட வலசைப் பறவை உடன்படிக்கை, மார்ச் 10 முதல் செப்டெம்பர் 1 வரையில் வேட்டையை விலக்கிவைத்தது. அதன் கருத்தும் இதுவே.

இனி, கொல்லும் நெறியைப் பேசுவதே தகாது என்ற குரலும் யாழ்ப்பாணத்தில் வலிமையோடு ஒலித்தது. ஆறுமுக நாவலர் (1822–1879) எழுதிய நான்காம் பாலபாடத்தில் கொலைக்கும் புலாலுண்ணலுக்கும் தனித்தனிக் கட்டுரைகள் உள்ளன. பல தலைமுறைச் சிறுவர்கள் அந்நூலைப் படித்தே வளர்ந்தனர். உண்பார் உளராதலாலேயே ஊன் விலைக்கு வருகின்றது என்ற வள்ளுவரின் வாதமும் அவர்களுக்குப் பாடம். ஆகவே சைவ ஒழுக்கத்தில் நின்ற ஒரு குடும்பத்தில், துவக்கேந்திய மகன் ஊர்ப்பெரியோரின் முன்னே பெருமைப்பட முடியாது. வெள்ளிக்கிழமைகளிலும் கோயிற் கொடியேற்ற நாட்களிலும் ஊன் தவிர்க்கும் வழக்கம் வேட்டையாடும் வீட்டிலும் இருந்தது. நாவலரின் நெறி வேட்டையை ஒழித்துவிடவில்லை. எனினும், வேட்டையை ஓர் இயல்பான உரிமையாக எண்ணவிடாமல், விளக்கம் சொல்லவேண்டிய ஒரு செயலாக ஆக்கிவைத்தது. கண்ணப்பரையும் நாவலரையும் ஒருங்கே போற்றிய சமூகத்தில் அவ்விளக்கம் எளிதாக வாய்க்கவில்லை போலும்.

சட்டம் மெல்ல வந்தது. யானை, எருமை முதலிய விலங்குகளின் வீண் அழிவைத் தடுக்கும் கட்டளைச் சட்டம் 1872இல் ஆக்கப்பட்டது. 1894ஆம் ஆண்டில் இலங்கை வேட்டைவிலங்குப் பாதுகாப்புக் கழகம் தோன்றியது. அதனைத் தோற்றுவித்தோர் பெரும்பாலும் தோட்டத்துரைமாரும் உத்தியோகத்தரும், அதாவது வேட்டைக்காரர். தோலுக்காகவும் இறைச்சிக்காகவும் காட்டை வெறுமையாக்கிய வணிக வேட்டையைக் கண்டு அவர்கள் அஞ்சினர். இன்றைய இலங்கை வனசீவராசிகள், இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் வேர் அதுவே. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் துவக்குக்கு உரிமம் வேண்டும் என்றது. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இவற்றையெல்லாம் விரித்து, தேசிய ஒதுக்கிடங்களுக்கும் சரணாலயங்களுக்கும் வழிசெய்தது. அடுத்த ஆண்டே, 1938இல், சுண்டிக்குளம் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. வேட்டைக்காரர் தமக்குள் பேணிய சொல்வழக்கு, அவ்வளவு நிலத்திலும் நீரிலும், நாட்டின் சட்டமாயிற்று.

ஆனால் சட்டத்தின் எடை எல்லோர்மேலும் ஒரே அளவில் இறங்கவில்லை. உரிமக் கட்டணம் செலுத்தி, கப்பலில் வந்த துவக்கை வாங்கி, பொழுதுபோக்காகச் சுட்டவன் ‘வேட்டைப் பிரியன்’ எனப்பட்டான். கண்ணி வைத்து இரண்டு தாராவைப் பிடித்து ஒன்றை விற்று அரிசி வாங்கியவன் ‘கள்ள வேட்டைக்காரன்’ எனப்பட்டான். வலைக்கு எதிரான வாதத்திலும் நியாயம் இல்லாமலில்லை. இரவு முழுவதும் விரித்துவைத்த வலை, பிடிக்கத் தகுந்ததையும் தகாததையும் தெரிந்து பிடிப்பதில்லை. உண்ணப்படாத நாரையும் கொக்கும் அதிற் சிக்கி மாளும். எனினும் வலைக்காரனுக்கும் அவனுடைய நெறி இருந்திருக்கவேண்டும். ஆண்டுதோறும் அதே களப்பை நம்பி வாழ்பவன் அதனை ஒரே மாரியில் வெறுமையாக்க விரும்பான். அந்நெறியை எழுதிவைத்தோர் இல்லை. துவக்குக்காரரின் நெறி ஆங்கில நூல்களிலும் கழக ஏடுகளிலும் பதிவாகி நிலைத்தது. வரலாறு எழுதுவோர் இவ்வேறுபாட்டை மறந்துவிட்டு, துவக்குக்காரரே பறவைகளைக் காத்தனர் என்று முடித்துவிடுவது உண்டு.

அம்முடிவுக்கு எதிராகத் தமிழகத்திலேயே ஒரு சான்று உள்ளது. செங்கற்பட்டுக்கு அருகிலுள்ள வேடந்தாங்கல் ஏரியிற் கூடுகட்டும் பறவைகளை அவ்வூர்க் கமக்காரர் தொன்றுதொட்டுக் காத்துவந்தனர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயச் சிப்பாய்கள் சிலர் அங்கே பறவைகளைச் சுட்டபோது, ஊரார் திரண்டு சென்று கலெக்டரிடம் முறையிட்டனர். 1798ஆம் ஆண்டிற் பறவைகளை எவரும் துன்புறுத்தலாகாது என்ற கௌல் எழுத்து மூலம் அவர்களுக்குக் கிடைத்தது. 1858இல் அது புதுப்பிக்கப்பட்டது. ஊராருக்கு அதில் ஒரு பயனும் இருந்தது. பறவையெச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு நல்ல உரம். பயனும் பரிவும் ஒன்றாகவே நின்றன. துவக்கு என்றால் என்னவென்று அறியாத ஒரு கிராமம், துவக்கேந்திய ஆட்சியிடமிருந்து பறவைக்குப் பாதுகாப்புச் சீட்டு வாங்கியது. இலங்கையின் முதல் வேட்டைச் சட்டத்துக்கு முக்கால் நூற்றாண்டு முந்திய செய்தி அது.

20ஆம் நூற்றாண்டில் வேட்டைக்காரரின் நெறி சங்கங்களாகத் திரண்டது. 1908இல் ஸ்டான்லி டங்கன் என்பவர் பிரித்தானிய நீர்ப்பறவை வேட்டைக்காரர் சங்கத்தைத் தொடங்கினார். அமெரிக்காவில் 1934 முதல், வாத்துச் சுடுவோர் ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் ஒரு முத்திரை வாங்கவேண்டும் என்று விதித்து, அப்பணத்தாற் சதுப்புநிலங்களை வாங்கிக் காத்தனர். பறவையைக் காப்பதென்றால் முதலிற் சேற்றைக் காக்கவேண்டும் என்ற உண்மை அவர்களுக்கு முன்னரே தெரிந்திருந்தது. 1962இற் பிரான்சில் நடந்த மாநாட்டில் தொடங்கிய பேச்சு, 1971 பெப்ரவரி 2ஆம் நாள் ஈரானின் ராம்சார் நகரில் ஈரநில உடன்படிக்கையாக முற்றியது. அதன் முழுப் பெயரிலேயே நீர்ப்பறவைகளின் வாழிடம் என்ற சொற்றொடர் இடம்பெற்றது. இலங்கை 1990இல் அதில் இணைந்தது. மன்னாரின் வங்காலை 2010இல் ராம்சார் நிலமாகப் பதிவுபெற்றது.

வேட்டைக்காரரின் நெறி எத்துணை நுட்பமாயினும் அதன் கண்ணுக்குத் தப்பிய ஒரு தீங்கு இருந்தது. வாத்துக்கு அரைவைப்பையில் உணவை அரைக்கச் சிறுகற்கள் வேண்டும். சேற்றை அளைந்து அக்கற்களை விழுங்குகையில், அங்கே வீழ்ந்து கிடக்கும் ஈயச் சன்னங்களையும் அது விழுங்கிவிடும். அரைவைப்பையில் ஈயம் தேய்ந்து குருதியிற் கலக்க, பறவை மெலிந்து, சிறகு தொங்கி இறக்கும். ஆக, குறிதவறிய வேட்டும் ஆண்டுகள் கழித்துக் கொல்லக் கூடியது. எட்டாத பறவையைச் சுடாதே என்று விதி செய்தவர்கள், எட்டாமல் வீழ்ந்த சன்னம் எங்கே போகின்றது என்று கேட்க மறந்தனர். அமெரிக்கா 1991ஆம் ஆண்டிலேதான் நீர்ப்பறவை வேட்டையில் ஈயச் சன்னத்தை நாடு முழுவதும் தடைசெய்தது.

யாழ்ப்பாணத்துக் களப்புகள் இதற்கிடையில் வேறு மாற்றங்களைக் கண்டன. 1950களிலே தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் தடுப்பணைகள் எழுந்தன. கடல்நீரை வெளியே நிறுத்தி, களப்புகளை நன்னீர் ஏரிகளாக்கி, குடாநாட்டுக்கு ஓர் ஆற்றையே கொடுக்கவேண்டும் என்பது பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் வகுத்த திட்டத்தின் நோக்கம். அத்திட்டம் முழுமை பெறவில்லை. அதன்பின் வந்த போர் பறவை வேட்டையை வேறு வகையில் நிறுத்திவைத்தது. வீட்டுத் துவக்குகள் மக்கள் கையை விட்டுப் போயின. 1991இலும் 2000த்திலும் பெரும்போர்கள் நிகழ்ந்த ஆனையிறவில் உப்பளமும் பாழாயிற்று. கண்ணிவெடி புதைந்த கரைகளில் மனிதர் கால்வைக்க அஞ்சினர். பறவைகளுக்கு அது அமைதியின் காலம் என்று சிலர் கூறுவர். எறிகணைகள் வீழ்ந்த நீரில் அமைதி எவ்வளவு இருந்தது என்பதை அக்கரையில் வாழ்ந்தோரிடம் கேட்டால் அவ்வளவு எளிதாகச் சொல்லமாட்டார்கள். 2009 மே மாதத்திற் போர் முடிந்தது. 2015 ஜூன் மாதத்திற் சுண்டிக்குளம் தேசிய பூங்காவாக உயர்த்தப்பட்டு, அதன் பரப்பு ஏறத்தாழ 19,500 ஹெக்டேயராக விரிந்தது.

இன்று இலங்கையில் வலசை வாத்துக்களைச் சுடுவது குற்றம். இருளில் வலை விரிப்போர் இன்னும் அகப்படுகின்றனர். துவக்குக்காரரின் பழைய நெறியில் எஞ்சியிருப்பது, அதனை அறியாதவர்களின் கையில் இருக்கின்றது. 1943இல் நிறுவப்பட்ட இலங்கைப் பறவைகள் கழகத்தாரும் பிற ஆர்வலரும் ஜனவரி மாதத்தில் நீர்ப்பறவைகளை எண்ணுகின்றனர். ஆசிய நாடுகள் பலவற்றில் அதே மாதத்தில் அதே வேலை நடைபெறுகின்றது. எண்ணுவோர் விடியுமுன் சென்று காத்திருக்கின்றனர். காற்றின் திசை பார்க்கின்றனர். நடுநீரில் இளைப்பாறும் கூட்டத்தைக் கலைக்காமல் எட்டி நிற்கின்றனர். ஒரே கூட்டத்தை இருவர் கணக்கிட்டுவிட்டால் யார் கணக்கிற் சேர்ப்பது என்று தமக்குள் பேசித் தீர்க்கின்றனர். பூநாரைகள் வந்த ஆண்டுகளில் அவற்றை முதலில் எண்ணிவிட்டு, நீலச்சிறகிகளைக் கடைசிக்கு விடுவது வழக்கம். அவைதாம் எண்ணுவதற்கு அரியவை.